துவாயா, துணியா? வீட்டுத் துணிப் பொருட்களுக்குச் சுங்கம் இலக்கமிடும் முறை



வெளிநாட்டு வர்த்தகம் பற்றிக் கற்கும்போது இறக்குமதித் தீர்வை என்ற சொல்லை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். "இறக்குமதி செய்யப்படும் பண்டங்கள் மீது அரசாங்கம் விதிக்கும் வரி" என்று ஒரே வரியில் அதற்கு விடை எழுதிவிடலாம். புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் ஒன்று திறக்கப்படும்போது அந்த ஒரு வரி போதாது. அங்கே முதலில் எழும் கேள்வி "இது எந்தப் பண்டம்?" என்பதாகும். அதற்கு விடை கிடைத்த பின்னரே எத்தனை வீதம் என்று கேட்க முடியும்.

உதாரணமாக, புறக்கோட்டை கெய்சர் வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். துவாய், கட்டில் விரிப்பு, திரைச்சீலை, நுளம்பு வலை, போர்வை, தலையணை எல்லாவற்றையும் ஒரே கொள்கலனில் வரவழைக்கிறார். அவருடைய கடையில் இவை யாவும் "வீட்டுச் சாமான்". சுங்கத்தின் கண்ணில் இவை ஆறு வெவ்வேறு பண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கம் உண்டு. இலக்கம் மாறினால் வீதம் மாறலாம்; வீதம் மாறினால் அவருடைய இலாபம் நட்டமாகலாம். அந்த இலக்கம் எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எச்.எஸ். இலக்கம் என்றால் என்ன?

முற்காலத்தில் ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பண்டப் பட்டியல் வைத்திருந்தது. ஒரு நாட்டில் "படுக்கைத் துணி" எனப்பட்டது இன்னொரு நாட்டில் "பருத்திப் பொருள்" எனப்பட்டது. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு, பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் இயங்கும் உலகச் சுங்க அமைப்பின் கீழ் இசைவுபடுத்தப்பட்ட முறைமை உருவாக்கப்பட்டது. சுருக்கமாக இதனை எச்.எஸ். முறைமை என்பர். இதற்கான சமவாயம் 1983 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 1988 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இன்று 200 இற்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதார ஆட்புலங்களும் இதனைப் பயன்படுத்துகின்றன. இலங்கையும் அவற்றுள் ஒன்று.

இம்முறைமையில் உலகிலுள்ள பண்டங்கள் அனைத்தும் 21 பிரிவுகளாகவும் 97 அத்தியாயங்களாகவும் வகுக்கப்பட்டுள்ளன. (77 ஆம் அத்தியாயம் எதிர்காலத் தேவைக்காக வெறுமையாக விடப்பட்டுள்ளது. எனவே பயன்பாட்டில் உள்ளவை 96. பலரும் கவனிக்காமல் விடும் விடயம் இது.) துணி வகைகள் அனைத்தும் 11 ஆம் பிரிவில், 50 முதல் 63 வரையான அத்தியாயங்களில் இடம்பெறுகின்றன. பட்டு 50, கம்பளி 51, பருத்தி 52 என்று நார்களில் தொடங்கி, தைத்து முடித்த பொருட்களில் முடிகிறது அந்த வரிசை.

இலக்கத்தை வாசிக்கும் முறையை 6302.21 என்பதை வைத்துப் பார்ப்போம். முதல் இரண்டு இலக்கங்களாகிய 63 அத்தியாயத்தைக் குறிக்கும். அடுத்த இரண்டும் சேர்ந்த 6302 தலைப்பு எனப்படும். படுக்கை, மேசை, குளியல், சமையலறைத் துணிப் பொருட்கள் இத்தலைப்பில் அடங்கும். இறுதி இரண்டும் சேர்ந்த 6302.21 உபதலைப்பாகும், இது பின்னப்படாத, அச்சிடப்பட்ட, பருத்தியாலான படுக்கைத் துணியைக் குறிக்கும். இந்த ஆறு இலக்கங்களும் முறைமையைப் பின்பற்றும் எல்லா நாடுகளிலும் ஒன்றே. அதற்கு மேல் தம் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ள நாடுகளுக்கு உரிமையுண்டு. இலங்கையில் எட்டு இலக்கங்கள் பயன்படுத்தப்படுகின்றன. தீர்வை வீதம் அந்த எட்டு இலக்கத்துக்கு நேரேதான் எழுதப்பட்டிருக்கும்.

முதற் கேள்வி: இது துணியா, ஆக்கி முடித்த பொருளா?

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே. ஆகவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

துவாய் செய்யும் துணி சுருளாக வந்தால் அது துணி. அதன் இடம் 5802 என்னும் தலைப்பு. அதே துணி துவாயாக வெட்டி ஓரம் மடித்துத் தைக்கப்பட்டு வந்தால் அது ஆக்கி முடித்த பொருள். அதன் இடம் 6302. நூலும் ஒன்று, நெசவும் ஒன்று, தொழிற்சாலையும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் எல்லையில் அது எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதைத்தான் சுங்கம் பார்க்கும். இங்கு வந்த பின் அதை என்ன செய்யப் போகிறோம் என்பது பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

"ஆக்கி முடித்த" என்றால் என்ன என்பதற்கு 11 ஆம் பிரிவின் 7 ஆம் குறிப்பு வரைவிலக்கணம் தருகிறது. அதன் முக்கிய அம்சங்களை எளிய மொழியில் இவ்வாறு கூறலாம். துணியைச் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ அல்லாமல் வேறு வடிவில் வெட்டினால் அது ஆக்கி முடித்த பொருள். வட்டமாக வெட்டிய மேசை விரிப்பு இதற்கு உதாரணம். அதன் ஓரம் தைக்கப்படாமல் இருந்தாலும் அது துணி அல்ல, விரிப்பே. ஓரம் மடித்துத் தைத்திருந்தாலும், ஓரத்தில் முடிச்சிட்ட குஞ்சம் இருந்தாலும் அது ஆக்கி முடித்த பொருள். தறியிலிருந்தே பாவனைக்குத் தயாராக வருபவையும் அவ்வாறே.

கடைசியாகச் சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. சில துவாய்கள் தறியில் ஒன்றன்பின் ஒன்றாக நெய்யப்பட்டு, இடையிடையே நெய்யாத நூல் இடைவெளி விடப்பட்டு, ஒரே நீளச் சுருளாக வரும். பார்ப்பதற்குச் சுருள் துணி போலவே இருக்கும். ஆனால் அந்த இடைவெளியில் கத்தரியை வைத்தால் போதும், தையல் எதுவுமின்றித் துவாய்கள் தனித்தனியே வந்துவிடும். சட்டத்தின்படி இவை துவாய்களே. "சுருளாகத்தான் வந்தது, ஆகவே துணி" என்று பிரகடனம் செய்பவர் பிழை செய்கிறார்.

மறுபுறம், நீள்சதுரமாக வெட்டப்பட்ட துணித்துண்டு ஒன்றின் விளிம்பு பிரிந்து போகாமல் இருப்பதற்காக மட்டும் நூலால் சுற்றித் தைக்கப்பட்டிருந்தால், அது இன்னும் துணியே. மடித்துத் தைத்தலும் சுற்றித் தைத்தலும் நம் கண்ணுக்குச் சிறிய வேறுபாடு. இலக்கத்தில் அது பெரிய வேறுபாடு.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்குப் பொருளியற் காரணம் உண்டு. ஆடை எமது நாட்டின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதி. அத்தொழிலுக்கு வெளிநாட்டுத் துணி மூலப்பொருளாகும். மூலப்பொருளுக்கு அதிக வரி விதித்தால் உள்ளூர் உற்பத்திச் செலவு ஏறும். அதேவேளை, தைத்து முடித்த கட்டில் விரிப்பு மலிவாக வந்து குவிந்தால், மருதமுனையில் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளியின் விரிப்பு விலைப்படாது. ஆகவே பல நாடுகள் மூலப்பொருளுக்குக் குறைந்த வரியும் முடிவுப் பொருளுக்குக் கூடிய வரியும் விதிக்கின்றன. இதனைத் தீர்வைப் படியேற்றம் என்பர். துணிக்கும் பொருளுக்கும் இடையே தெளிவான கோடு இல்லாவிட்டால் இக்கொள்கையை நடைமுறைப்படுத்தவே முடியாது.

63 ஆம் அத்தியாயத்தின் உள்ளே

ஆக்கி முடித்த பொருள் என்று தீர்மானித்த பின்னர், அது எந்தப் பொருள் என்று பார்க்க வேண்டும். 6301 போர்வைகளுக்கு உரியது. மின்சாரத்தால் சூடாகும் போர்வையும் இங்கேதான் வரும். மின்சாரப் பொருட்களுக்குரிய 85 ஆம் அத்தியாயத்துக்குப் போகாது. 6302 இல் கட்டில் விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, துவாய் ஆகியன அடங்கும். 6303 திரைச்சீலைகளுக்கு உரியது. 6304 வீட்டை அலங்கரிக்கும் ஏனைய துணிப் பொருட்களுக்கு உரியது. மெத்தைக்கு மேல் அழகுக்காக விரிக்கும் மேல்விரிப்பு, கதிரைத் திண்டின் உறை, நுளம்பு வலை போன்றவை இதிலடங்கும். 6307 இல் தரை துடைக்கும் துணி, பாத்திரம் கழுவும் துணி முதலியன உள்ளன. கழுவிய பாத்திரத்தின் ஈரத்தைத் துடைக்கும் துவாய் 6302 இல் இருக்க, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவும் துணி 6307 இல் இருக்கிறது! ஒரே சமையலறை, ஒரே கம்பியில் தொங்குபவை, இரண்டு தலைப்புகள்.

நுளம்பு வலை பற்றி ஒரு மேலதிகத் தகவல். பூச்சிகொல்லி ஊட்டப்பட்ட குறிப்பிட்ட வகை வலைகளுக்கு 2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 6304.20 என்ற தனி உபதலைப்பு வழங்கப்பட்டது. மலேரியா ஒழிப்புக்கு உதவும் பொருட்களை வர்த்தகத்தில் எளிதாக இனங்காண வேண்டும் என்பதே இதன் நோக்கம். எச்.எஸ். முறைமை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு திருத்தப்படுகிறது. 2017 இற்குப் பின் 2022 இல் திருத்தம் வந்தது. ஆகவே பழைய புத்தகத்திலுள்ள இலக்கத்தைப் பார்த்து இன்று பிரகடனம் எழுதுவது ஆபத்தானது.

திணிக்கப்பட்ட பொருட்கள் 63 ஆம் அத்தியாயத்தில் இல்லை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தலையணை உறை 6302. பஞ்சு திணித்த தலையணை 9404. திண்டின் உறை 6304, திண்டு 9404. 94 ஆம் அத்தியாயம் தளபாடங்களுக்கும் மெத்தை முதலியவற்றுக்கும் உரியது. திரைச்சீலைக்கும் இவ்வாறான பொறி ஒன்றுண்டு. குளியலறையில் தொங்கவிடும் முழுப் பிளாஸ்டிக் திரை துணியே அல்ல. அது பிளாஸ்டிக் வீட்டுப் பொருட்களுக்குரிய 3924 இற்குச் செல்லும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே தொங்கும்.

நெய்ததா, பின்னியதா? நார் எது?

தலைப்பு கிடைத்துவிட்டது. இனி உபதலைப்பு. இங்கே துணியின் அமைப்பும் நாரும் முக்கியமாகின்றன.

நெசவில் பாவு நூலும் ஊடு நூலும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். பின்னலில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படும். உங்கள் பெனியன் துணியை இழுத்துப் பார்த்தால் விளங்கும். பின்னிய படுக்கைத் துணி எந்த நாராலானதாயினும் 6302.10. ஏனைய படுக்கைத் துணிகளில் அச்சிட்டவை, அச்சிடாதவை என்ற பிரிவும், அதன் பின்னர் நார் வாரியான பிரிவும் வரும்.

சந்தையில் தூய பருத்தியை விடக் கலப்புத் துணியே அதிகம். 65 சதவீதம் பொலியெஸ்தர், 35 சதவீதம் பருத்தி என்று லேபலில் இருந்தால் என்ன செய்வது? நிறையால் எது அதிகமோ, முழுவதும் அதுவாகவே இருப்பதாகக் கருத வேண்டும். எனவே இவ்விரிப்பு செயற்கை நாராலானது. நிறை என்பதைக் கவனியுங்கள். விலையோ பரப்போ அல்ல. சரி பாதியாக 50 இற்கு 50 என்று இருந்தால்? அப்போது இலக்க வரிசையில் கடைசியாக வரும் தலைப்புக்கு முன்னுரிமை. பருத்தி 52 ஆம் அத்தியாயம். செயற்கை நார்கள் 54 உம் 55 உம். ஆகவே செயற்கை நாரே வெல்லும்.

துவாய் போன்ற பொருட்களுக்கு ஒரு விசேட விதி இருக்கிறது. துவாயில் அடித்துணி ஒன்றும் அதன் மேல் எழுந்து நிற்கும் நூல் வளையங்களும் உண்டு. உபதலைப்பைத் தீர்மானிக்கும்போது அடித்துணியைக் கணக்கில் எடுப்பதில்லை. அடித்துணி பொலியெஸ்தராக இருந்தாலும் வளையங்கள் பருத்தியாக இருந்தால் அது பருத்தித் துவாய், 6302.60 இற்குச் செல்லும். உடலில் படுவதும் ஈரத்தை உறிஞ்சுவதும் அந்த வளையங்கள்தான் என்பதால் இவ்விதி எனக்கு நியாயமாகவே படுகிறது.

ஒரே பெட்டியில் பல பொருட்கள் வந்தால்

பஞ்சு திணித்த மெத்தைப் போர்வை ஒன்று, கட்டில் விரிப்பு ஒன்று, தலையணை உறை இரண்டு. நான்கும் ஒரே அழகிய பையில், கடையில் அப்படியே விற்பதற்குத் தயாராக வருகின்றன. போர்வை 9404. மற்றவை 6302. எந்த இலக்கம்?

இத்தகைய சிக்கல்களைத் தீர்க்க எச்.எஸ். முறைமையில் ஆறு பொது விளக்க விதிகள் உள்ளன. தலைப்பின் வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளுமே சட்டம். அத்தியாயங்களின் பெயர்கள் வசதிக்காக மட்டுமே என்பது முதலாம் விதி. தொகுதிகளுக்கு உதவுவது மூன்றாம் விதியாகும். அதன்படி, சில்லறை விற்பனைக்கென ஒன்றாகப் பொதி செய்யப்பட்ட தொகுதிக்கு அதன் இன்றியமையாத தன்மையை எது வழங்குகிறதோ அதன் இலக்கமே முழுவதற்கும் உரியது. மேற்கூறிய தொகுதியில் அது பொதுவாக மெத்தைப் போர்வையாகும், எனவே 9404. ஆனால் 500 போர்வைகள் ஒரு கட்டிலும் 500 விரிப்புகள் வேறொரு கட்டிலும் தனித்தனியே வந்தால் அது தொகுதி அல்ல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இலக்கம்.

தீர்வையைக் கணித்தல்

இலக்கம் தெரிந்த பின் பெறுமதி. பண்டத்தின் விலையுடன் கப்பற் கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்த சீ.ஐ.எப். பெறுமதியே இலங்கையில் அடிப்படை. பெறுமதியின் சதவீதமாக விதிக்கப்படுவது பெறுமதிவழித் தீர்வை. கிலோவுக்கு இவ்வளவு, துண்டுக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவது குறித்த தீர்வை. சில பண்டங்களுக்கு, குறிப்பாக செஸ் வரியில், "இவ்வளவு சதவீதம் அல்லது கிலோவுக்கு இவ்வளவு ரூபா, இரண்டில் எது அதிகமோ அது" என்று இருக்கும்.

இதன் பொருளைக் கணக்கொன்றால் பார்ப்போம். (வீதங்கள் பயிற்சிக்காக மட்டும் எடுக்கப்பட்டவை.) 500 கிலோ கட்டில் விரிப்பு. சீ.ஐ.எப். பெறுமதி ரூபா 1,000,000. வீதம் 15 சதவீதம் அல்லது கிலோவுக்கு ரூபா 250, எது அதிகமோ அது. சதவீதப்படி ரூபா 150,000. நிறைப்படி 500 × 250 = ரூபா 125,000. செலுத்த வேண்டியது ரூபா 150,000. இப்போது அதே சரக்கின் பெறுமதியை ஒருவர் ரூபா 600,000 என்று குறைத்துக் காட்டுகிறார் என வைத்துக்கொள்வோம். சதவீதப்படி ரூபா 90,000 மட்டுமே வரும். ஆனால் நிறைப்படி ரூபா 125,000 அப்படியே நிற்கிறது. அதையே செலுத்த வேண்டும். விலைப்பட்டியலில் எழுதும் தொகையைக் குறைக்கலாம், தராசில் ஏறும் நிறையைக் குறைக்க முடியாது. இரட்டை வீதத்தின் சூட்சுமம் இதுவே.

சுங்கத் தீர்வையுடன் பெறுமதிசேர் வரி முதலான ஏனைய வரிகளும் எல்லையிலேயே அறவிடப்படும். வீதங்கள் வர்த்தமானி அறிவித்தல் மூலம் அடிக்கடி மாற்றப்படுவதால் அவற்றை மனனம் செய்ய வேண்டாம். கணிக்கும் முறையை விளங்கிக்கொண்டால் போதும்.

இலக்கம் பிழைத்தால்

‘கஸ்டெக்’ என்று வழக்கில் சொல்லப்படும் சுங்கப் பிரகடனத்தில் இலக்கத்தை எழுதும் பொறுப்பு இறக்குமதியாளரையும் அவர் சார்பில் அலுவல் பார்க்கும் முகவரையும் சார்ந்தது. 1869 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் இன்றும் எமது சுங்கத்தின் அடிப்படைச் சட்டமாகும். பொய்யான விவரம் கொடுத்தால் பண்டத்தைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் அதில் இடமுண்டு. இலக்கம் பற்றிய தகராறு தீரும் வரை சரக்கு துறைமுகத்தில் தேங்கினால், ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறும். பெரிய நிறுவனம் இதைத் தாங்கும். பண்டிகைக் காலத்தை நம்பிக் கடன் எடுத்துச் சரக்கு வரவழைத்த சிறு கடைக்காரருக்குப் பண்டிகை முடிந்த பின் வந்து சேரும் திரைச்சீலையால் என்ன பயன்?

இதைத் தவிர்க்க வழி உண்டு. 2017 பெப்ரவரி 22 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் ஒப்பந்தம், பண்டம் வந்து சேரும் முன்னரே அதன் வகைப்பாட்டை எழுத்தில் கேட்டுப் பெறும் முன்தீர்மான முறையை உறுப்பு நாடுகளிடம் வேண்டுகிறது. மாதிரித் துண்டும் நார்ச் சேர்க்கை விவரமும் கையில் இருந்தால் வேலை இலகுவாகும்.

சரியான இலக்கம் சலுகையும் தரும். 1998 டிசம்பரில் கைச்சாத்திடப்பட்டு 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் சலுகைப் பட்டியல்கள் எச்.எஸ். இலக்கங்களைக் கொண்டே எழுதப்பட்டவை. உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் கையில் இருந்தும் இலக்கம் பிழையானால் சலுகை கைநழுவிப் போகலாம்.

பயிற்சி

பின்வரும் நான்கு பண்டங்களுக்கும் பொருத்தமான தலைப்பை அல்லது உபதலைப்பை முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள். அதன் பின் கீழுள்ள விடையைப் பாருங்கள்.

(அ) பூ அச்சிட்ட, நெய்த தலையணை உறைகள். 70 சதவீதம் பொலியெஸ்தர், 30 சதவீதம் பருத்தி. (ஆ) அதே உறைக்குள் பஞ்சு திணித்துத் தைத்த தலையணைகள். (இ) சதுர மீற்றருக்கு 150 கிராம் நிறையுள்ள, நெய்த தூய பருத்தி விரிப்புத் துணி, 40 மீற்றர் சுருள். (ஈ) பூச்சிகொல்லி ஊட்டப்படாத, பின்னிய பொலியெஸ்தர் நுளம்பு வலை.

விடை: (அ) 6302.22. படுக்கைத் துணி, அச்சிட்டது, நிறையால் அதிகம் செயற்கை நார். (ஆ) 9404. திணிக்கப்பட்டுவிட்டது. (இ) 5208. ஆக்கி முடித்த பொருள் அல்ல. 85 சதவீதமோ அதற்கு மேலோ பருத்தி கொண்ட, 200 கிராமுக்கு மேற்படாத நெய்த துணி இத்தலைப்பில் வரும். 200 கிராமைத் தாண்டியிருந்தால் 5209 ஆகியிருக்கும். (ஈ) 6304.91. பூச்சிகொல்லி இல்லாமையால் 6304.20 பொருந்தாது, பின்னியது என்பதால் 6304.93 உம் பொருந்தாது.

(இ) இற்கு 6302 என்று எழுதியவர்கள் "முதற் கேள்வி" என்னும் பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிக்கவும்.